விண்டோஸ் சர்வரை இணையத்தில் நிறுத்தும் முன்: சேலத்துச் சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும், ஜவ்வரிசி வியாபாரியும், ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட விடுதியை நடத்துபவரும் இன்று தங்களுக்கென்று ஓர் இணையதளம் வேண்டும் என்று கேட்கிறார்கள். இவர்களில் பலரிடம் மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கட்டமைப்பான டாட்நெட்டில் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருளோ அறை முன்பதிவு மென்பொருளோ ஏற்கெனவே இருப்பதால், அதை இணையத்தில் ஓட்டுவதற்கு விண்டோஸ் சர்வர் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. அந்த வேலையை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைவிட, எதை முதலில் செய்து எதைப் பிறகு செய்வது என்பதையே நான் அதிகம் வலியுறுத்துவேன். பூட்டைப் போட்டுச் சரிபார்த்த பிறகுதான் வாசலைத் திறக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் லீ பஜார் பக்கமுள்ள ஒரு மொத்த வியாபார அலுவலகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். சர்வரிலிருந்த ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருள் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் ஒரு குறிப்பு கிடந்தது. கணினியில் நடந்தவற்றைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து பாதுகாப்புப் பதிவுகளைப் பார்த்தபோது, சனிக்கிழமை இரவு முழுவதும் 4625 என்ற எண் வரிசை வரிசையாக ஓடியிருந்தது. உள்நுழைவு தோல்வியுற்றதைக் குறிக்கும் எண் அது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட் என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ முயன்றிருக்கிறார்கள். ஞாயிறு விடிவதற்குச் சற்று முன் ஒரே ஒரு 4624 இருந்தது. அது வெற்றிகரமான உள்நுழைவு. கடவுச்சொல்லாகக் கடையின் பெயரையும் 123 என்ற எண்ணையும் வைத்திருந்தார்கள். பேக்கப் எடுத்து வைத்திருந்த டிஸ்க்கும் எப்போதும் சர்வரிலேயே செருகப்பட்டிருந்ததால் அதிலிருந்தவையும் பூட்டப்பட்டுவிட்டன. தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389 போர்ட்டை, அதாவது தகவல் நுழையும் அந்த எண்ணிட்ட வாசலை, ரவுட்டரில் உலகம் முழுவதற்கும் திறந்து வைத்திருந்ததுதான் இத்தனைக்கும் காரணம். கீழே வரும் ஒவ்வொரு படியையும் எழுதும்போது அந்த அலுவலகம் என் நினைவில் இருக்கிறது.

கணினி எங்கே இருக்கப்போகிறது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இடம். கடையிலேயே ஒரு கணினியை வைத்து ஓட்டலாம். மாதக் கட்டணம் செலுத்தி ஒரு மெய்நிகர் சர்வரை வாடகைக்கும் எடுக்கலாம். சொந்தக் கணினி என்றால் நிலையான பொது ஐ.பி. முகவரி ஒன்றை இணைய நிறுவனத்திடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏனெனில் சாதாரண இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து உங்கள் கணினியைத் தேடி வரவே முடியாது. மின்தடைக்கு யு.பி.எஸ். வேண்டும். ஏற்காட்டைப் போல ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரில் இன்னொரு கவலையும் உண்டு. கோடை மழையோடு வரும் இடி, செம்புக் கம்பி வழியே நுழைந்து ரவுட்டரையும் சர்வரின் லேன் போர்ட்டையும் சேர்த்தே கருக்கிவிடும். ஆகவே வீட்டுக்குள் வரும் இணைப்பு ஃபைபராக இருக்க வேண்டும், எர்த்திங்கும் சரியாக இருக்க வேண்டும்.

இணையதளம் மட்டுமே நோக்கம் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் அசூருக்குச் சென்னையிலும் புனேயிலும், அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் தரவு மையங்கள் இருப்பதால், சேலத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பக்கம் தாமதமின்றித் திறக்கும். கடைக்குள் ஓடும் பில்லிங்கோடு பின்னிப் பிணைந்த தளம் என்றால் மட்டும் சொந்தக் கணினியை யோசியுங்கள்.

பதிப்பும் நிறுவலும்

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10 அன்றே முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 வரையும், 2019 பதிப்புக்கு 2029 ஜனவரி 9 வரையும், 2022 பதிப்புக்கு 2031 அக்டோபர் 14 வரையும் பாதுகாப்பு அப்டேட்டுகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் 2022 அல்லது 2025 பதிப்பை எடுக்க வேண்டும். பழைய டிவிடி கையில் இருக்கிறது என்பதற்காக 2016 பதிப்பை நிறுவினால் விரைவிலேயே எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும். பழகிப் பார்ப்பதற்கு 180 நாள் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிறது. பென் டிரைவில் யாரோ கொடுக்கும் கிராக் செய்யப்பட்ட பிரதியைத் தொடவே தொடாதீர்கள். அதற்குள் வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

நிறுவும்போது முகப்புத் திரை இல்லாத சர்வர் கோர் வேண்டுமா, டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டுமா என்று கேட்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிறகு மாற வேண்டுமானால் மீண்டும் நிறுவுவதைத் தவிர வழியில்லை. சர்வர் கோரில் ஓடும் மென்பொருள் குறைவு என்பதால் தாக்குவதற்குரிய இடமும் குறைவு என்றாலும், கட்டளைகளை எழுதிப் பழகாதவர் டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸையே தேர்ந்தெடுக்கலாம். நினைவகம் 2 ஜி.பி. இருந்தால் நிறுவிவிடலாம் என்று ஏட்டில் இருக்கும். ஒரு தளமும் எஸ்.க்யூ.எல். எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளும் சேர்ந்து ஓட 8 ஜி.பி. வையுங்கள். இயங்குதளத்துக்கு சி டிரைவ், தளங்களுக்கும் நடந்தவற்றைப் பதியும் லாக் கோப்புகளுக்கும் டி டிரைவ் என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். லாக் கோப்புகள் சி டிரைவை நிரப்பி, ஒரு நாள் சர்வர் மூச்சுத் திணறி நின்றுபோவதை இது தடுக்கும்.

நிறுவி முடித்ததும் எந்தப் போர்ட்டையும் திறக்காமல், ரவுட்டருக்குப் பின்னால் வைத்தபடியே எல்லா அப்டேட்டுகளையும் போடுங்கள். ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதாது. புதிதாக எதுவும் இல்லை என்று திரையில் வரும் வரை திரும்பத் திரும்பப் பாருங்கள். அதன் பிறகு மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணியளவில், புதிய அப்டேட்டுகள் வெளியாகும். அந்த வாரத்துக்குள் அவற்றைப் போட்டுவிட வேண்டும். 2017 மே 12 அன்று உலகையே உலுக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை, மார்ச் 14 அன்றே அப்டேட் வெளியாகியிருந்த ஓர் ஓட்டையின் வழியாகத்தான் பரவியது. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விடுதிக்கான சர்வர் என்றால் கோடை விழா நடக்கும் மே மாத வார இறுதியில் மறுதொடக்கம் வராதபடி, வார நாளின் பின்னிரவு ஒன்றை நீங்களே குறித்து வையுங்கள்.

உள்ளே வருபவர் யார், எந்த வழியாக?

கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட் பகுதியில் நிர்வாகி உரிமையோடு புதிய கணக்கு ஒன்றை வேறு பெயரில் தொடங்குங்கள். அந்தக் கணக்கில் நுழைந்து எல்லாம் வேலை செய்கிறது என்று உறுதிசெய்த பிறகே, கூடவே வரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை முடக்குங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் நீங்களே வெளியில் நிற்க வேண்டியிருக்கும். கடவுச்சொல்லுக்கு ஊர்ப் பெயரோடு 123, கடைப் பெயரோடு ஆண்டு எண் என்பவையெல்லாம் தானாக முயலும் நிரல்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, குறைந்தது 14 எழுத்துகள் வரும்படி அமையுங்கள். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் பத்து முறை தவறினால் கணக்கு சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும்படியும் அமைத்துவிடுங்கள்.

அடுத்தது ரிமோட் டெஸ்க்டாப். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், அவரை இந்தப் படியைச் செய்யச் சொல்வேன். 3389 போர்ட் இணையத்துக்கு நேராகத் திறந்திருக்கக் கூடாது. போர்ட் எண்ணை 3390 என்றோ 50000 என்றோ மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் வாசலில் தட்டும் சத்தம் குறையுமே தவிர, தேடி வருபவர் எல்லாப் போர்ட்டுகளையும் துழாவிக் கண்டுபிடித்துவிடுவார். செய்ய வேண்டியது இதுதான். சொந்த இடத்தில் உள்ள சர்வர் என்றால் ரவுட்டரில் இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய இரண்டு போர்ட்டுகளை மட்டுமே சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். வாடகைச் சர்வர் என்றால் விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான உள்வரும் விதியைத் திறந்து, ஸ்கோப் என்ற தாவலில் உங்கள் அலுவலகத்தின் நிலையான ஐ.பி. முகவரியை மட்டும் அனுமதியுங்கள், டி.சி.பி., யு.டி.பி. என்று இரண்டு விதிகள் இருக்கும், இரண்டிலும் செய்ய வேண்டும். உங்கள் முகவரி அடிக்கடி மாறுமானால் வயர்கார்டு போன்ற வி.பி.என். (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) ஒன்றைச் சர்வரில் நிறுவி, அதற்குள் வந்தவர் மட்டுமே ரிமோட் டெஸ்க்டாப்பை அணுகும்படி செய்யுங்கள். இந்த விதியை மாற்றுவதற்கு முன், வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் உள்ள கன்சோல் வழியாக நுழைய முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு எண்ணைத் தவறாக அடித்துவிட்டால் திரும்பி வர அந்த ஒரு வழிதான் மிஞ்சும்.

கோப்புப் பகிர்வுக்கான 445, எஸ்.க்யூ.எல். சர்வருக்கான 1433, எஃப்.டி.பி.க்கான 21 ஆகியவையும் வெளியே தெரியக் கூடாது. தளமும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருக்கும்போது 1433 போர்ட்டை யாருக்காகவும் திறக்க வேண்டியதில்லை. தரவுத்தளத்தைத் தன் வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று மென்பொருள் எழுதியவர் கேட்டால், அவருக்கும் வி.பி.என். வழியைக் காட்டுங்கள்.

ஐ.ஐ.எஸ். நிறுவுதல்

சர்வர் மேனேஜரில் ஆட் ரோல்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் என்பதைத் திறந்து வெப் சர்வர் என்ற பொறுப்பைச் சேர்த்தால் இணையதளங்களை வழங்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான ஐ.ஐ.எஸ். வந்துவிடும். கீழே நீளும் பட்டியலில் எல்லாவற்றையும் டிக் செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். தேவையானதை மட்டும் சேருங்கள், மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஏ.எஸ்.பி. டாட்நெட் கோரில் எழுதிய தளம் என்றால் டாட்நெட் ஹோஸ்டிங் பண்டில் என்ற தொகுப்பைத் தனியாக இறக்கி நிறுவி, ஐ.ஐ.எஸ்.ஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதற்கான ஆப்ளிகேஷன் பூலில், அதாவது தளம் தனியாக ஓடும் பகுதியில், நோ மேனேஜ்டு கோட் என்று தேர்ந்தெடுக்கலாம். கூடவே வரும் டிஃபால்ட் வெப்சைட்டை நிறுத்திவிட்டு, டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் உங்கள் தளத்தைத் தனியே அமையுங்கள். ஒரு தளத்துக்கு ஓர் ஆப்ளிகேஷன் பூல் என்ற விதியை ஒருபோதும் மீற வேண்டாம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு பூலும் தன் பெயரில் உருவாகும் ஒரு தனிக் கணக்கில் ஓடுகிறது. ஃபோல்டரின் செக்யூரிட்டி தாவலில் ஐ.ஐ.எஸ்., இடைவெளி, ஆப்பூல், பின்சாய்வுக்கோடு, பூலின் பெயர் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் அடித்தால் அந்தக் கணக்கைச் சேர்க்கலாம். தேடும் இடம் அந்தக் கணினியாகவே இருக்க வேண்டும். ஆனால் டி டிரைவில் உருவாக்கும் ஃபோல்டரில் யூசர்ஸ் என்ற குழுவுக்குப் படிக்கும் உரிமை தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. அதை அப்படியே விட்டால், கொலுசுக் கடையின் தளத்தில் ஓர் ஓட்டை வழியாக நுழைந்தவர், அதே சர்வரில் இருக்கும் விடுதியின் கோப்புகளையும் அதிலுள்ள தரவுத்தளக் கடவுச்சொல்லையும் படித்துவிடலாம். எனவே மேலிருந்து வரும் உரிமைகளைத் துண்டித்து, யூசர்ஸ் குழுவை நீக்கி, பூல் கணக்குக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். இதைச் செய்ததும் தளம் 401.3 என்ற பிழையைக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஐ.ஐ.எஸ்.ஸில் அனானிமஸ் ஆதென்டிகேஷன் பகுதியைத் திறந்து, ஐயூசர் என்ற பொதுக் கணக்குக்குப் பதிலாக ஆப்ளிகேஷன் பூல் ஐடென்டிட்டி என்று மாற்றினால் சரியாகிவிடும். அவசரத்தில் எவ்ரிஒன் என்ற குழுவுக்கு முழு உரிமை கொடுத்துப் பிழையைப் போக்கிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

புதிய மாதிரிக் கொலுசுகளின் படங்களைக் கடைக்காரர் தாமே ஏற்றும் வசதி தளத்தில் இருக்கும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எழுதும் உரிமை தேவை. எழுத முடிகிற இடத்தில் நிரல் ஓடக் கூடாது என்பதால், ஐ.ஐ.எஸ்.ஸில் அந்த ஃபோல்டரைத் தேர்ந்து, ஹேண்ட்லர் மேப்பிங்ஸ் பகுதியில் ஃபீச்சர் பெர்மிஷன்ஸைத் திறந்து, ஸ்கிரிப்ட் என்ற டிக்கை எடுத்துவிட்டு ரீடு என்பதை மட்டும் விடுங்கள். அப்போது படத்தின் வேடத்தில் யாராவது ஒரு நிரலை ஏற்றிவிட்டாலும் அது சர்வரில் ஓடாது. படங்கள் வழக்கம்போல் தெரியும். பெரிய படங்கள் ஏறவில்லை என்று புகார் வந்தால், ஒரு வேண்டுகோளுக்கு 3,00,00,000 பைட் என்ற உச்சவரம்பு ரிக்வெஸ்ட் ஃபில்டரிங்கில் இருப்பதே காரணமாக இருக்கக்கூடும். டைரக்டரி பிரவுசிங் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பெயரும் சான்றிதழும்

டொமைன் வாங்கிய இடத்தில், பெயரை முகவரியோடு இணைக்கும் ஏ ரெக்கார்டில் சர்வரின் பொது ஐ.பி. முகவரியைக் குறிப்பிடுங்கள். தளம் திறக்கிறதா என்பதை அதே கடையின் வைஃபையில் இருந்து பார்த்தால் பல ரவுட்டர்களில் திறக்காது. உள்ளிருந்து கிளம்பிய தகவல் பொது முகவரியைத் தேடி வாசல் வரை போய், அங்கேயே வளைந்து உள்ளே திரும்ப வேண்டியிருப்பதால், ஏற்காடு மலைப்பாதையின் வளைவைச் சொல்வதைப் போலவே இதையும் ஹேர்பின் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வளைவு எல்லா ரவுட்டருக்கும் வசப்படுவதில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான இணைப்பை மறையாக்க (எச்.டி.டி.பி.எஸ்.) உதவும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. வின்-ஆக்மி என்ற சிறு நிரலை ஓட்டினால் அதுவே சான்றிதழைப் பெற்று, ஐ.ஐ.எஸ்.ஸில் பொருத்தி, புதுப்பிப்பதற்கான வேலையை டாஸ்க் ஷெட்யூலரில் எழுதி வைத்துவிடும். வழக்கமாக இது டொமைன் உங்களுடையதுதான் என்பதை 80 போர்ட் வழியாகவே சரிபார்ப்பதால் அதை மூடிவிட வேண்டாம். சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று உலக அளவில் குறைக்கப்படுகிறது. காசு கொடுத்து வாங்கி ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாற்றிக்கொள்ளும் பழக்கம் இனி நடக்காது. மறையாக்கப்பட்ட இணைப்பையே பயன்படுத்துமாறு உலாவிக்குச் சொல்லும் எச்.எஸ்.டி.எஸ். அமைப்பில் எச்.டி.டி.பி.யிலிருந்து எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குத் திருப்பும் டிக்கைப் போடுங்கள். இந்த மறையாக்கத்துக்கான டி.எல்.எஸ். நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய பழைய பதிப்புகள் 2021ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டவை. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அவற்றை அணைத்து மறுதொடக்கம் செய்யுங்கள்.

பதிவுகளைப் படித்தல்

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் நடந்தது தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். ஐ.ஐ.எஸ். லாக் கோப்புகளை டி டிரைவுக்கு மாற்றி, ஈவன்ட் வியூவரில் செக்யூரிட்டி லாக்கின் அளவை 1 ஜி.பி. வரை உயர்த்திவிடுங்கள், சிறியதாக இருந்தால் புதிய வரிகள் வந்து பழையவற்றைத் தள்ளிவிடும்.

புதியவர்கள் தவறாமல் குழம்பும் ஓர் இடம் உண்டு. ஐ.ஐ.எஸ். லாக் கோப்பில் வழக்கமாக இருக்கும் நேரம் நம்முடைய நேரம் அல்ல. அது உலகப் பொது நேரம். 20:30 என்று இருந்தால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி, மறுநாள் விடியற்காலை 2:00 மணி என்று படிக்க வேண்டும். ஈவன்ட் வியூவரோ கணினியின் நேரத்தையே காட்டும். இரண்டையும் ஒப்பிடும்போது இதை மறந்தால், தாக்குதல் நடந்த நேரத்தில் கடையில் இருந்த ஊழியர் மீது வீணாகச் சந்தேகம் விழும். வாரம் ஒருமுறை 4625, 4624 எண்களோடு, புதிய கணக்கு தொடங்கப்பட்டதைச் சொல்லும் 4720, பாதுகாப்புப் பதிவு அழிக்கப்பட்டதைச் சொல்லும் 1102 ஆகியவற்றையும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் செய்யாத 1102 ஒன்று இருந்தால் அன்றைய மற்ற வேலைகளை நிறுத்திவிடலாம்.

பேக்கப்

விண்டோஸ் சர்வர் பேக்கப் என்ற வசதியைச் சேர்த்து, சிஸ்டம் ஸ்டேட் (விண்டோஸின் அமைப்புகள்), தளங்களின் ஃபோல்டர், தரவுத்தளத்தின் பேக்கப் கோப்பு ஆகிய மூன்றும் இரவில் தானாக எடுக்கப்படும்படி அமையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை வெறுமனே நகலெடுப்பதை நம்ப வேண்டாம், எஸ்.க்யூ.எல். சர்வரின் பேக்கப் கட்டளையால் எடுத்ததையே வையுங்கள். சொந்தக் கணினி என்றால் இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, ஒன்று சர்வரில் இருக்கும்போது மற்றொன்று உரிமையாளரின் வீட்டு பீரோவில் இருக்கும்படி வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுங்கள். வாடகைச் சர்வர் என்றால் அந்தச் சர்வரின் கடவுச்சொல்லைக் கொண்டு அழிக்க முடியாத வேறொரு கணக்கில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

பிறகு, தளத்தைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதற்கு முந்தைய நாள், அந்த டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் வேறொரு கணினியில் விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை நிறுவி, பேக்கப்பிலிருந்து தளத்தை முழுவதுமாக எழுப்பிப் பாருங்கள். முகப்புப் பக்கம் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாமல், நேற்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா, கடைசியாக ஏற்றிய கொலுசுப் படம் திறக்கிறதா என்பது வரை பாருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை ஒரு தாளில் எழுதி, உங்கள் கைப்பேசி எண்ணோடு சேர்த்துச் சர்வரின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.